கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்த கருவிப்பெட்டி!

குட்டீஸ்! ஒரு சின்ன கேள்வி. தீபாவளிக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும். முதலில் வர வேண்டியது எது? தீபாவளியா, சட்டையா, தையல்காரரின் ஊசியா?

'இதென்ன கேள்வி... ஊசிதான்!' என்கிறீர்களா? சரியான விடை. ஊசி இருந்தால்தான் சட்டை தைக்க முடியும். ஊசி வந்து சேர நாளானால் தீபாவளி காத்திருக்குமா? காத்திருக்காது. பழைய சட்டையோடுதான் பட்டாசு வெடிக்க வேண்டும்!

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான். புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வெளியாகும் நாள்தான் அங்கே தீபாவளி. அதில் ஓடப்போகும் கேம்ஸ், படம் வரையும் புரோகிராம், கணக்குப் போடும் புரோகிராம் எல்லாம் புதுச் சட்டைகள். அந்தச் சட்டைகளைத் தைக்கும் ஊசிக்கும் கத்தரிக்கும் 'டெவலப்பர் டூல்ஸ்' என்று பெயர். நாம் 'கருவிப்பெட்டி' என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கருவிப்பெட்டியை நாம் யாரும் கடையில் பார்த்ததில்லை. விளம்பரத்திலும் வராது. ஆனால் அது சரியான நேரத்தில் கிடைக்காததால், உலகப் புகழ்பெற்ற ஒரு புரோகிராம் ஒன்றேகால் வருடம் பழைய சட்டையோடு நிற்க வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் என்ன?

கம்ப்யூட்டரின் மூளைக்கு 'பிராசசர்' என்று பெயர். அது ஒரு சின்ன சிப். பயங்கர வேகம். ஆனால் அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எண்கள் மட்டும்தான் தெரியும். இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் கழி, இன்னொரு எண் வந்தால் நினைவகத்தில் எடுத்து வை... அவ்வளவுதான்.

ஒரு கேமுக்கு இப்படி லட்சக்கணக்கான எண்களை வரிசையாக எழுத வேண்டும் என்றால் யாரால் முடியும்? அதனால் புரோகிராமர்கள் ஆங்கிலச் சொற்களும் கணக்குக் குறிகளும் கலந்த 'சி' போன்ற மொழிகளில் எழுதுகிறார்கள். அதைப் பிராசசருக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது 'கம்பைலர்' என்ற மொழிபெயர்ப்பாளர். கருவிப்பெட்டியில் முக்கியமான ஆள் இவர்தான். கூடவே, எழுதுவதற்கு ஒரு நோட்டு, தவறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க ஒரு துப்பறிவாளர், ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் என்று பெட்டியில் இன்னும் பல சாமான்கள் உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். எல்லாப் பிராசசரும் ஒரே எண் மொழி பேசுவதில்லை!

'கூட்டு' என்று ஒரு சொல். கணக்கு வாத்தியார் 'கூட்டு' என்றால் எண்களைக் கூட்ட வேண்டும். அம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்து 'கூட்டு' என்றால் வீட்டைப் பெருக்க வேண்டும். சாப்பிடும்போது 'கூட்டு' என்றால் பூசணிக்காய்க் கூட்டு இலைக்கு வரும்! ஒரே சொல், இடத்துக்கு இடம் வேறு பொருள். பிராசசர்களும் அப்படித்தான். ஒரு சிப்பில் 'கூட்டு' என்று பொருள்படும் எண், வேறு குடும்பத்துச் சிப்பில் வேறு எதையோ குறிக்கும். அதனால் ஒரு சிப்புக்காகச் செய்த புரோகிராமை வேறு சிப்பில் போட்டால் அது ஓடாது. புதிய சிப்பின் மொழி தெரிந்த கம்பைலரிடம் கொடுத்து, மறுபடி மொழிபெயர்த்து வாங்க வேண்டும்.

ஒரு கம்பெனி தன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மூளையையே மாற்ற முடிவு செய்தால்? ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதில் ஓடும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் மறுபடி மொழிபெயர்க்க வேண்டும். இதை ஆப்பிள் கம்பெனி ஒரு முறை அல்ல, மூன்று முறை செய்திருக்கிறது. 1994, 2006, 2020. மூன்றிலும் கருவிப்பெட்டிதான் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தது என்பது என் கட்சி.

காப்பாற்ற வந்த வீரன்

ஆப்பிளின் 'மேக்' கம்ப்யூட்டர் 1984-ல் வந்தது. அதற்குள் இருந்தது மோட்டரோலா கம்பெனியின் சிப். பத்து வருடம் கழித்து, 1994 மார்ச்சில், 'பவர்பிசி' என்ற புது வகைச் சிப்புக்கு மேக் மாறியது.

அதுவரை மேக் புரோகிராமர்களில் பலர் பயன்படுத்திவந்த ஒரு கருவிப்பெட்டி, புதுச் சிப்புக்குத் தயாராக நாளாகிக்கொண்டே போனது. புதுக் கம்ப்யூட்டர் தயார், ஆனால் அதற்குப் புரோகிராம் செய்ய வசதியான கருவி இல்லை!

அப்போது கை கொடுத்தது, கனடாவில் பிறந்த 'மெட்ரோவெர்க்ஸ்' என்ற சிறிய கம்பெனி. அவர்கள் செய்த கருவிப்பெட்டியின் பெயர் 'கோட்வாரியர்'. 'வாரியர்' என்றால் போர்வீரன். பெயருக்கு ஏற்றபடியே அது சரியான நேரத்தில் களத்தில் குதித்தது. பழைய சிப், புதுச் சிப் இரண்டுக்கும் மொழிபெயர்த்துத் தந்தது. வேகமாகவும் வேலை செய்தது. அடோபி, மைக்ரோசாப்ட் போன்ற பெரிய கம்பெனிகள்கூட மேக் புரோகிராம்களுக்குக் கோட்வாரியரையே நம்பத் தொடங்கின.

இந்த வீரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வருவான்.

ஐந்து வருட ரகசியம்

2005 ஜூன் 6. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம். ஆப்பிள் வருடா வருடம் புரோகிராமர்களுக்காக நடத்தும் மாநாடு. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ்.

பவர்பிசி சிப்பில் அவருக்கு ஒரு வருத்தம். மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட மேக்கை ஒரே வருடத்தில் தருவேன் என்று 2003-ல் சொல்லியிருந்தார். சிப் அந்த வேகத்தை எட்டவில்லை. ஜி5 என்ற அந்தச் சிப் மேசைக் கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும், சூடும் அதிகம். மெல்லிய லேப்டாப்புக்குள் அதை வைக்க முடியவில்லை.

அதனால் ஜாப்ஸ் சொன்னார்: இனி மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சிப் இருக்கும். 2006 ஜூனுக்குள் முதல் கம்ப்யூட்டர் வரும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் அதே இன்டெல்! அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. அடுத்து ஜாப்ஸ் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். ஐந்து வருடங்களாகவே மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒவ்வொரு பதிப்பையும் யாருக்கும் தெரியாமல் இன்டெல் சிப்புக்கும் சேர்த்தே ஆப்பிள் செய்துவந்திருக்கிறது! அது மட்டுமா? காலையிலிருந்து அவர் மேடையில் இயக்கிக் காட்டிய கம்ப்யூட்டரே இன்டெல் சிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாருமே கண்டுபிடிக்கவில்லை.

அடேயப்பா, நல்ல மேஜிக்தான்! ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த புரோகிராமர்களின் கவலை வேறு. 'ஆபரேட்டிங் சிஸ்டம் தயார், சரி. எங்கள் புரோகிராம் என்ன ஆவது?'

அதற்கும் ஆப்பிள் அன்றைக்கே பதில் வைத்திருந்தது. 'எக்ஸ்கோட்' என்ற தன் சொந்தக் கருவிப்பெட்டியின் 2.1 பதிப்பை அதே நாளில் இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒரு சின்னக் கட்டம். அதில் 'டிக்' அடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தால், பவர்பிசி மொழி, இன்டெல் மொழி இரண்டையும் ஒரே புரோகிராமுக்குள் சேர்த்து அடைத்துத் தந்துவிடும். நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிறதே, அதைப் போல. எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அது தனக்குத் தெரிந்த மொழியைப் படித்துக்கொள்ளும். இதற்கு 'யுனிவர்சல் பைனரி' என்று பெயர் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே கருவிப்பெட்டி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்காக ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். 'மேத்தமேட்டிகா' என்ற பிரம்மாண்டமான கணித புரோகிராமைச் செய்யும் உல்ஃப்ராம் கம்பெனியின் தியோடர் கிரே அவர். ஆப்பிளிடமிருந்து போன் வந்தது அதற்கு முந்தைய வாரம்தானாம். அவர்களுடைய புரோகிராமர் போய் உட்கார்ந்து, மொத்தமே சுமார் 20 வரிகளைத்தான் மாற்றினார். இரண்டே மணி நேரத்தில் மேத்தமேட்டிகா இன்டெல் மேக்கில் ஓடியது!

முட்டை உடைத்த சண்டை

அந்த 20 வரிகள் எதற்கு? 'டிக்' அடித்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்?

10-01-2006 என்ற தேதியைப் படியுங்கள். ஜனவரி 10 என்பீர்கள். ஓர் அமெரிக்கச் சிறுவனிடம் கேட்டால், அக்டோபர் 1 என்பான். எண்கள் அதேதான். நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். வரிசை மாறியதால் பொருளே மாறிவிட்டது.

பவர்பிசிக்கும் இன்டெலுக்கும் இதே தகராறு உண்டு. பெரிய எண்ணைக் கம்ப்யூட்டர் நான்கு சின்னப் பெட்டிகளில் பிரித்து வைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் ஓடிய பவர்பிசி, எண்ணின் பெரிய முனையை முதல் பெட்டியில் வைக்கும். இன்டெல், சின்ன முனையை முதலில் வைக்கும்.

ஒரு கேமில் உங்கள் ஸ்கோர் 1. பவர்பிசி கம்ப்யூட்டர் அதை 0, 0, 0, 1 என்று நான்கு பெட்டிகளில் எழுதி வைக்கிறது. அதே பெட்டிகளை இன்டெல் எந்த மாற்றமும் இல்லாமல் தன் வழக்கப்படி படித்தால் ஸ்கோர் எவ்வளவு தெரியுமா? 1,67,77,216! (ஒவ்வொரு பெட்டியும் அடுத்ததைவிட 256 மடங்கு மதிப்புள்ளது. 256-ஐ 256-ஆல் பெருக்கி, இன்னொரு முறை 256-ஆல் பெருக்கிப் பாருங்கள்.) கேமில் என்றால் சந்தோஷம்தான். வங்கிக் கணக்கில் என்றால்?

இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடித்துத் திருத்தும் வேலையைக் கம்பைலர் தானாகச் செய்யாது. புரோகிராமர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். துப்பறிவாளர் உதவுவார், அவ்வளவுதான்.

இந்த வரிசைத் தகராறுக்கு வைத்த பெயர் ரொம்ப வேடிக்கையானது. 'கலிவரின் பயணங்கள்' கதை படித்திருக்கிறீர்களா? அதில் வரும் குள்ளர்கள், வேக வைத்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். 1980-ல் டேனி கோஹன் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, எண்களின் வரிசை பற்றிய சச்சரவுக்கு அந்த முட்டைச் சண்டையின் பெயரையே வைத்துக் கட்டுரை எழுதினார். இன்றுவரை 'பிக் எண்டியன்', 'லிட்டில் எண்டியன்' என்றுதான் சொல்கிறார்கள்.

999 டாலருக்கு வாடகைக் கம்ப்யூட்டர்

சரி, கதைக்கு வருவோம். மொழிபெயர்த்த புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே? கடையில்தான் இன்னும் வரவில்லையே!

ஆப்பிள் ஒரு வழி செய்தது. பழைய மேக்கின் பெரிய அலுமினியப் பெட்டிக்குள் 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்பை வைத்து, புரோகிராமர்களுக்கு மட்டும் 999 டாலருக்குக் கொடுத்தது. சொந்தமாக அல்ல, நூலகப் புத்தகம் போல! 2006 முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. இந்தத் தற்காலிகக் கம்ப்யூட்டரைப் பொதுமக்களுக்கு ஆப்பிள் விற்கவே இல்லை. பிறகு, திருப்பித் தந்தவர்களுக்குப் புதிய இன்டெல் ஐமேக் கொடுத்தார்கள் என்பது நல்ல விஷயம்.

வீரன் வராத போர்

எக்ஸ்கோடில் ஏற்கெனவே வேலை செய்துவந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் 1994 முதல் கோட்வாரியரை நம்பி இருந்தவர்கள்?

அவர்களுக்குத்தான் இடி. மோட்டரோலா கம்பெனி 1999-ல் மெட்ரோவெர்க்ஸை வாங்கியிருந்தது. இன்டெல் வகைச் சிப்புக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் மெட்ரோவெர்க்ஸிடம் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் ஜாப்ஸின் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு அந்தத் தொழில்நுட்பத்தை நோக்கியாவிடம் விற்றுவிட்டார்கள்! மேக் இன்டெலுக்கு மாறப்போகிறது என்று அவர்கள் கனவு கண்டிருப்பார்களா? ஆப்பிள்தான் அதை ரகசியமாக வைத்திருந்ததே. 'இன்டெல் மேக்குக்குக் கோட்வாரியர் கிடையாது' என்று 2005-லேயே தெரிந்துவிட்டது. 1994-ல் காப்பாற்றிய வீரன், இந்த முறை போருக்கே வரவில்லை.

அதே ஜூன் மாநாட்டு மேடையில் அடோபியின் தலைவரும் ஏறியிருந்தார். 'இந்த முடிவுக்கு வர உங்களுக்கு ஏன் இத்தனை நாள்?' என்ற பாணியில் ஜாப்ஸைக் கிண்டலும் செய்தார். பிற்பாடு அதிக நாள் எடுத்துக்கொண்டது அடோபிதான்!

அடோபியின் புகழ்பெற்ற புரோகிராம் 'போட்டோஷாப்'. புகைப்படங்களைத் திருத்துவது, விளம்பரம் வடிவமைப்பது, பத்திரிகை அட்டை செய்வது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். இந்த வேலைகளைச் செய்பவர்கள்தான் மேக் கம்ப்யூட்டரின் முக்கியமான வாடிக்கையாளர்களும்கூட.

போட்டோஷாப்பை இன்டெலுக்கு மாற்ற வேண்டும் என்றால், முதலில் கோட்வாரியரிலிருந்து எக்ஸ்கோடுக்கு வீடு மாற்ற வேண்டும். 'நோட்டிலிருந்து நோட்டுக்கு எடுத்து எழுதுவதுதானே?' என்று நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் பல பேர் சேர்ந்து எழுதிய புரோகிராம் அது. ஒரு கம்பைலர் 'சரி' என்று ஏற்றுக்கொண்ட வாக்கியத்தை இன்னொரு கம்பைலர் 'தப்பு' என்று சுழித்துவிடும். ஒரு டீச்சருக்குப் பிடித்த விடைத்தாள் வேறு டீச்சரிடம் போனது போல! போதாததற்கு, இவ்வளவு பெரிய புரோகிராமைத் தாங்கும் அளவுக்கு எக்ஸ்கோட் அப்போது வளர்ந்திருக்கவில்லை என்பதும் அடோபி தரப்பின் குறை. எல்லாவற்றையும் அடுத்த பெரிய பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அடோபி முடிவு செய்தது.

தீபாவளி காத்திருக்கவில்லை. 2006 ஜூன் என்று சொன்ன ஆப்பிள், அதற்கு முன்பாகவே, அந்த வருடம் ஜனவரி 10-ம் தேதியே முதல் இன்டெல் மேக்கைக் கொண்டுவந்துவிட்டது. ஆகஸ்டில் எல்லா மேக் வகைகளும் மாறி முடிந்தன. ஆனால் இன்டெல் மொழி பேசும் போட்டோஷாப் வந்தது 2007 ஏப்ரலில்! மைக்ரோசாப்டின் ஆபீஸ் இன்னும் தாமதம். 2008 ஜனவரியில்தான் வந்தது.

புதுக் கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கிய ஓவியர் 2006-ல் என்ன செய்தார்?

மேடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர்

அவருக்கு ஒரு துணை இருந்தது. பெயர் 'ரொசெட்டா'.

எகிப்து நாட்டில் 1799-ல் ஒரு கல் கிடைத்தது. அதில் ஒரே செய்தி மூன்று எழுத்து முறைகளில் செதுக்கப்பட்டிருந்தது. தெரிந்த கிரேக்கத்தை வைத்து, தெரியாத எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்க அந்தக் கல் உதவியது. அதுதான் ரொசெட்டா கல். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மொழிபெயர்க்கும் புரோகிராமுக்கு அந்தப் பெயரையே ஆப்பிள் வைத்தது.

கம்பைலரும் மொழிபெயர்ப்பாளர், ரொசெட்டாவும் மொழிபெயர்ப்பாளர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கம்பைலர், புத்தகத்தை மொழிபெயர்த்து அச்சிட்டுக் கொடுப்பவர். அதன்பிறகு நீங்கள் விறுவிறுவென்று படித்துக்கொண்டே போகலாம். ரொசெட்டா, டில்லியிலிருந்து வந்த தலைவர் மேடையில் பேசும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்பவர். கூட்டத்துக்குப் புரியும். ஆனால் நேரமாகும்.

சின்னப் புரோகிராம்களில் அந்தத் தாமதம் தெரியவில்லை. போட்டோஷாப் போன்ற கனமான புரோகிராம் மூச்சு வாங்கியது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. அதனால் பலர் பழைய மேக்கை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

மேடை மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நாள் வேலை முடியும். 2011 ஜூலையில் வந்த 'லயன்' என்ற மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ரொசெட்டா கிடையாது. அதுவரை மறுபடி மொழிபெயர்க்கப்படாமல் இருந்த பவர்பிசி புரோகிராம்கள், லயனுக்கு மாறிய கம்ப்யூட்டர்களில் அத்துடன் நின்றுபோயின. அவற்றில் சிறுவர்கள் விளையாடிய கேம்களும் உண்டு. செய்தவர் கடையை மூடிவிட்டால், யார் போய் மறுபடி 'டிக்' அடிப்பது?

மூன்றாவது முறை

2020 ஜூன் 22. கொரோனா காலம் என்பதால் மாநாட்டு அரங்கத்தில் ஆளே இல்லை, வீடியோவில்தான் அறிவிப்பு. இன்டெலை விட்டுவிட்டு, ஆப்பிள் தானே வடிவமைத்த சிப்புகளுக்கு மேக் மாறப் போகிறது என்றார்கள். அதற்கான ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெயர் 'பிக் சர்'.

இந்த முறையும் அதே வரிசைதான். கருவிப்பெட்டி முதலில்! எக்ஸ்கோட் 12-ன் சோதனைப் பதிப்பு அன்றைக்கே கிடைத்தது. 500 டாலருக்கு ஒரு வாடகைக் கம்ப்யூட்டர். சின்ன மேக் மினி பெட்டிக்குள் ஐபேடின் சிப். மேடை மொழிபெயர்ப்பாளராக 'ரொசெட்டா 2'. இவர் கொஞ்சம் கெட்டிக்காரர். புரோகிராமை நிறுவும்போதே முடிந்தவரை மொழிபெயர்த்து வைத்துக்கொள்வார். ஓடும்போது திணற மாட்டார்.

இன்னொரு நல்ல செய்தி, இந்த முறை முட்டைச் சண்டை இல்லை. இன்டெலும் சரி, ஆப்பிளின் சிப்பும் சரி, மேக்கில் எண்ணின் சின்ன முனையைத்தான் முதலில் வைக்கின்றன.

எம்1 சிப் கொண்ட முதல் மேக் கம்ப்யூட்டர்கள் 2020 நவம்பரில் வந்தன. மைக்ரோசாப்ட் ஆபீஸ் டிசம்பரிலேயே தயார். போட்டோஷாப் 2021 மார்ச்சில் தயார். போன முறை 15 மாதம்; இந்த முறை 4 மாதம். காரணம் ஒன்றிரண்டு அல்ல. ஆனால் அடோபி எப்போதோ எக்ஸ்கோடுக்குக் குடி மாறியிருந்தது என்பது அதில் முக்கியமானது.

வளைந்த அளவுகோல்

சிப் மாறாத வருடங்களிலும் இந்த ஓட்டம் உண்டு. ஐபோனுக்கும் மேக்குக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வருடத்துக்கு ஒன்று வருகிறது. ஜூனில் அறிவிப்பார்கள், நமக்கு வந்து சேர செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். இடையில் இருக்கும் மாதங்கள் புரோகிராமர்களுக்குப் பரீட்சைக் காலம். ஜூனிலேயே சோதனைப் பதிப்பும் அதற்கேற்ற கருவிப்பெட்டியும் அவர்கள் கைக்குப் போய்விடும். இந்தச் சோதனைப் பதிப்புக்கு 'பீட்டா' என்று பெயர். ஆண்ட்ராய்டுக்கும் கூகுள் இப்படி முன்கூட்டியே கொடுக்கிறது.

கொடுமை என்னவென்றால், ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் அல்ல, கருவிப்பெட்டியே பீட்டாதான்! அதிலும் தவறுகள் இருக்கும். நீங்கள் நேர்கோடு போடுகிறீர்கள், கோடு வளைகிறது. கை நடுங்கியதா, காகிதம் நகர்ந்ததா, அளவுகோலே வளைந்திருக்கிறதா? அதே குழப்பம்தான் புரோகிராமருக்கும். கேம் திடீரென்று நின்றுபோனால், தவறு தன் புரோகிராமிலா, புது ஆபரேட்டிங் சிஸ்டத்திலா, கருவியிலா என்று மூன்று இடத்தில் தேட வேண்டும். கண்டுபிடித்ததை எழுதி அனுப்புவார்கள். ஓரிரு வாரத்தில் அடுத்த பீட்டா வரும். சில தவறுகள் போயிருக்கும், சில புதிதாக முளைத்திருக்கும்!

(ஆசையாக இருக்கிறது என்று அப்பாவின் போனில் பீட்டாவைப் போட்டுவிடாதீர்கள். மறுநாள் காலை அலாரம் அடிக்கவில்லை என்றால் உங்கள் பாடு திண்டாட்டம்!)

இந்த ஓட்டத்தில் பின்தங்கியவர்களை ஆபரேட்டிங் சிஸ்டம் இறக்கிவிட்டுவிட்டுப் போவதும் உண்டு. பழைய 32-பிட் முறையில் செய்த புரோகிராம்களை 2017-ல் ஐபோனின் ஐஓஎஸ் 11-ம், 2019-ல் மேக்கின் 'கேட்டலினா'வும் நிறுத்திவிட்டன. ஐபோனில் 64-பிட் சிப்பும் அதற்கான கருவியும் 2013-லேயே வந்துவிட்டன. நான்கு வருட அவகாசம்! அப்படியும் மாறாத கேம்கள் நிறைய.

இப்போது ரொசெட்டா 2-வுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். மேக்ஓஎஸ் 27 பதிப்பு வரைக்கும்தான் அது முழுமையாக இருக்கும் என்று 2025 ஜூன் மாநாட்டில் ஆப்பிள் சொன்னது. இன்னும் இன்டெல் மொழியிலேயே இருக்கும் மேக் புரோகிராம்கள் அதற்குள் கருவிப்பெட்டிக்குள் போய்ப் புது மொழியில் வெளியே வர வேண்டும்.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் சலுகை. செய்தவர்களால் கைவிடப்பட்ட பழைய கேம்கள் ஓடுவதற்காக, ரொசெட்டாவின் ஒரு சின்னப் பகுதியை அதற்குப் பிறகும் எடுத்துவிடாமல் வைத்திருப்போம் என்று அதே அறிவிப்பில் ஆப்பிள் சொல்லியிருக்கிறது.